ஹுவாஷான் மலையும் மயிலம் மலையும்

தென்வியட்நாமின் தலைநகராயிருந்த சைகோனில், 1960களின் பிற்பகுதியில், நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒருவரையொருவர் இடித்துரைக்கும்போது சீன நாவல் ஒன்றின் பாத்திரங்களுடைய பெயர்களை வசைச் சொற்களாகக் கையாண்டார்கள் என்னும் செய்தியை, அந்நாவலை இயற்றிய ஜின் யோங் என்பவரே தம் நூலின் பின்னுரையில் குறித்து வைத்திருக்கிறார். வெளியே சாதுவாயும் உள்ளே வஞ்சகனாயும் இருப்பவனை யுவே புச்சுன் என்றும், எல்லாரையும் தன் குடைக்கீழ் அடக்கிவிடத் துடிப்பவனை ஜுவோ லெங்சான் என்றும் வைவார்களாம். 1967 முதல் 1969 வரை ஹாங்காங்கின் மிங் பாவ் நாளிதழில் தொடர்கதையாக வந்த அந்நாவலை, அதே காலத்தில் சைகோனிலிருந்து வெளிவந்த சீன, வியட்நாமிய, பிரெஞ்சுப் பத்திரிகைகள் 21 ஒருங்கே வெளியிட்டன என்றும் அவர் கூறுகிறார். மெய்யான போர் ஒன்றின் நடுவில் சிக்கியிருந்த ஒரு நகரத்து மக்கள், எங்கோ ஒரு மலைமேல் வாள் சுழற்றும் கற்பனைக் கூட்டத்தாரின் சண்டையை நாள்தோறும் காத்திருந்து படித்தார்கள் என்பது முதற்பார்வைக்கு விசித்திரமாகவே தோன்றும்.

கோட்டக்குப்பத்தில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதுவதற்கு ஒரு நியாயம் உண்டு. புதுச்சேரி முத்தியால்பேட்டையை ஒட்டி, மணலும் தென்னையுமாய்க் கிடக்கும் இந்த ஊரிலும், காரைக்கால் வரையில் உள்ள மற்றக் கரையூர்களிலும், சைகோன் என்பது அயல்நாட்டுப் பெயராக ஒலித்ததே இல்லை. பிரெஞ்சுக்காரர் அந்நகரைக் கைப்பற்றிய 1859க்குப் பிறகு உத்தியோகத்துக்காகவும் ஜவுளி வியாபாரத்துக்காகவும் வட்டித் தொழிலுக்காகவும் அங்கே கப்பலேறிய தமிழர்கள் தங்களுக்கென்று மாரியம்மன் கோயில் கட்டிக்கொண்டார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் தோங் து தெருவில் இன்றும் இருக்கிறது. என் இளமையில் திண்ணைகளிலே கேட்ட சைகோன் பேச்சில் கப்பல் கட்டணமும் பட்டுத்துணியின் விலையும் ஓய்வூதியக் கணக்கும் அடிபட்டனவேயன்றி, அந்நகரமே மூழ்கிக் கிடந்த அந்தக் கதையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லக் கேட்டதில்லை. கடையில் துணி மடித்த பத்திரிகைத் தாளிலேயே அந்தக் கதை அச்சாகியிருந்திருக்கலாம். சீன எழுத்தை நம்மவர் படித்தாரில்லை. பின்னாளில் நானாக அதை மொழிபெயர்ப்பில் படித்தபோது, மலை, குரு, பரம்பரை, ரகசிய ஏடு என்று ஒவ்வொன்றும் ஏற்கெனவே எங்கோ அறிமுகமானவைபோல் இருந்தன. அந்த அறிமுகம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்ததன் பலனே இக்கட்டுரை.

ஜின் யோங்கின் இயற்பெயர் சா லியாங்யோங். 1924இல் சீனத்தின் செஜியாங் மாகாணத்தில் பிறந்து, ஹாங்காங்கில் குடியேறி, 1959இல் மிங் பாவ் இதழை நிறுவி, 2018இல் காலமானவர். சீனர் வூசியா என்று வழங்கும் வீரசாகசக் கதைத்துறை அவருக்கு முந்தியது. 1923இல் சியாங் கைரான் எழுதத் தொடங்கிய தொடர்கதையும், அதிலிருந்து பிறந்து 1928இல் ஷாங்காயில் திரையேறிய சிவப்புத் தாமரைக் கோயில் படமும், 1932இல் தியான்ஜின் பத்திரிகையொன்றில் தொடங்கி முடிவின்றி நீண்ட சூ மலை வாள்வீரர் கதையும் ஆகிய இவற்றால், குன்லுன், ஏமெய் என்னும் மலைப்பெயர்கள் வாளோடு பிணைக்கப்பட்டு வாசகர் மனத்தில் நிலைத்துவிட்டன. இவற்றுள் கடைசியாகச் சொன்னதில் வாள் கையை விட்டுத் தானே வானத்தில் பறந்து சென்று பகைவன் தலையைக் கொய்து வரும். ஜின் யோங் வாளை மறுபடியும் கையில் கொடுத்தார். அதற்கும் மேலாக, வாள் பிடித்த கைக்குரியவன் யாருக்குச் சீடன், அவனுக்குப் பின் ஆசனம் யாருக்கு என்ற விசாரணையைக் கதையின் நடுவிடத்தில் வைத்தார்.

மேற்சொன்ன நாவலின் பெயரைச் 'சிரித்துச் செருக்கி உலகில் திரிதல்' என்று ஒருவாறு தமிழாக்கலாம். அதில் தாய், ஹுவா, சோங் முதலிய ஐந்து மலைகளில் ஐந்து வாள் சம்பிரதாயங்கள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று துணையாக ஒரு கூட்டணி அமைத்துக்கொண்டிருக்கின்றன. தாய் மலையார் தாவோ மதத் துறவிகள். ஒரு மலையார் பிக்குணிகள். ஹுவா மலையாகிய ஹுவாஷானின் தலைவரோ மனைவியும் மகளும் உள்ள கிருகஸ்தர், மூச்சுப்பயிற்சி என்னும் தாவோ வித்தையையே வாளுக்கு மூலமாகக் கொண்டவர், 'சான்றோன் வாள்' என்று பட்டம் பெற்றவர். அவர்தாம் யுவே புச்சுன். நாற்பதாண்டு நல்லவராக நடந்துகொண்ட ஒருவர் ஓர் ஏட்டுச்சுவடிக்காக எவ்வளவு தாழமுடியும் என்பதே அவர் கதை.

அந்த ஹுவாஷானுக்குள்ளேயே ஒரு பிளவு. மூச்சே முதல், வாள் அதன் பின் என்பாரும், வாளே முதல், மூச்சு அதன் பின் என்பாருமாக ஒரே குருகுலத்தார் இரு கட்சியாகப் பிரிந்து ஒருவரையொருவர் கொன்று குவித்திருக்கிறார்கள். இந்தப் பிளவுக்கு நாவல் சொல்லும் காரணம் மிக நுட்பமானது. முன்னொரு தலைமுறையில் ஹுவாஷான் சீடர் இருவர், வேறொரு மடத்துக்கு விருந்தினராகச் சென்றபோது அங்கிருந்த ரகசிய ஏட்டைத் திருட்டுத்தனமாகப் படித்தார்கள். காலம் போதாமையால் ஆளுக்குப் பாதியாக மனப்பாடம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். இரண்டு பாதியையும் சேர்த்தபோது ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர்தாம் தவறாகப் பாடம் பண்ணினார் என்று சாதித்தார்கள். பாடபேதம் ஒன்றால் ஒரு சம்பிரதாயமே இரண்டாகி இரத்தம் சிந்திய வரலாறு, ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகிய தமிழ்ப் பதிப்பாசிரியர் எவருக்கும் சிரிப்போடு சேர்த்து ஒரு நடுக்கத்தையும் உண்டாக்கும். எனக்குத் தெரிந்த வரையில், பாடபேதத்தின் ஆபத்தை இவ்வளவு சுருக்கமாக உணர்த்திய கதை வேறில்லை.

நாவலின் ஓரிடத்தைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். தலைமைச் சீடனாகிய லிங்ஹூ சோங், குடிகாரன், வாய்த்துடுக்குள்ளவன், ஆனால் மனத்தில் களங்கமற்றவன், தகாத சேர்க்கைக்காகத் தண்டிக்கப்பட்டு ஓராண்டுக்காலம் மலையுச்சியில் ஒரு பாறைக் குகையின் முன் தனியே இருந்து சுவரைப் பார்த்துத் தன் பிழையை எண்ணும்படி ஏவப்படுகிறான். குருவின் மகள் சோற்றுக்கூடையோடு ஏறி வருவாள்; பின்பு அவளும் வருவது குறைகிறது. ஒருநாள் அவன் வாள்நுனி சுவரில் பாய, அப்பாறை உள்ளே கூடாக இருப்பது தெரிகிறது. உடைத்து நுழைந்தால் எலும்புக்கூடுகள். சுவரெங்கும் செதுக்கிய உருவங்கள். ஐந்து மலையாரும் தெய்வரகசியம் என்று போற்றும் வாள்வரிசை ஒவ்வொன்றையும் எப்படி முறிப்பது என்று, வஞ்சகமாக அங்கே அடைக்கப்பட்டுச் செத்த பகைவர்கள் வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவனுக்குத் தன் குருகுலத்தின் மேலிருந்த நம்பிக்கை அந்தக் குகையிலேயே விழுந்து நொறுங்குகிறது. அப்போது மலையின் மறுபக்கத்திலிருந்து ஒரு கிழவர் வருகிறார். தோற்றுப்போன வாட்கட்சியின் கடைசி மனிதராகிய ஃபெங் சிங்யாங். வரிசை என்று ஒன்று இருந்தால்தானே அதை முறிக்கமுடியும், வரிசையே இல்லாதவனிடம் பகைவன் எதை முறிப்பான் என்ற கருத்தை அவர் அவனுக்குப் புகட்டுகிறார். புகட்டிவிட்டு, தம்மைக் கண்டதாக எவரிடமும் சொல்லாதே என்று விலக்கிவிட்டு மறைகிறார். பட்டத்துக்கு உரியவரிடம் இல்லாத வித்தை, பட்டத்தைத் துறந்தவரிடம் இருக்கிறது.

இதைப் படிப்பவர்க்கு வாள் ஒரு சாக்கு என்பது விளங்கிவிடும். மலைமேல் நடப்பது உண்மையில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. நிலத்துக்குப் பதில் வித்தை, பத்திரத்துக்குப் பதில் சுவடி. அந்தச் சுவடி ஒரு பௌத்தத் துறவியின் காவித்துணியில் எழுதப்பட்டது என்கிறது நாவல். அந்த உடைக்குச் சீனர் வழங்கும் ஜியாஷா என்ற சொல்லே நம் காஷாயத்தின் திரிபு. அதன்படி வித்தை பயில வேண்டுமாயின் முதற்படியாகத் தன் ஆண்மையைத் தானே அறுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. வாரிசுரிமைக்காக அடித்துக்கொள்ளும் மனிதர்கள் வாரிசு பெறும் ஆற்றலையே காணிக்கையாகக் கொடுக்கிறார்கள். இக்கதைக்குக் காலம் எதுவென்று குறிக்கவில்லை, இத்தகையது எந்த அரசர் காலத்திலும் நடக்கக்கூடியது என்று ஆசிரியர் பின்னுரையில் விளக்கியிருப்பதைக் கருதினால், சைகோன் அரசியல்வாதிகள் தங்கள் எதிர்க்கட்சியாரை அதில் அடையாளம் கண்டுகொண்டதில் வியப்பில்லை. அது எழுதப்பட்ட ஆண்டுகளில் சீனத்தில் கலாசாரப் புரட்சி நடந்துகொண்டிருந்தது என்பதையும் மறக்கலாகாது.

இனி மெய்யான மலை. ஹுவாஷான் ஷான்சி மாகாணத்தில், பழைய தலைநகரமாகிய சியானுக்குக் கிழக்கே, ஏறத்தாழ 2,155 மீட்டர் உயரத்தில் ஐந்து சிகரங்களோடு நிற்கிறது. செங்குத்தான பாறையில் சங்கிலியைப் பற்றிக்கொண்டு பலகைமேல் நடக்கும் அதன் வழிகள் உலகப் பிரசித்தம். 989இல் மறைந்த சென் துவான் என்னும் தாவோ முனிவர் அங்கே மாதக்கணக்கில் உறங்கியே தவம் செய்தார் என்றும், சதுரங்கத்தில் அரசனை வென்று அம்மலையையே பந்தயமாகப் பெற்றார் என்றும் கதை வழங்குகிறது. பிற்காலத்தில் அது, வாங் சோங்யாங் (1113–1170) தோற்றுவித்த சுவான்சென் சம்பிரதாயத்துக்கு உரியதாயிற்று. அவருடைய எழுவர் சீடருள் ஒருவராகிய ஹாவ் தாதோங் ஹுவாஷான் கிளைக்கு முதல்வர் என்பர். இவர்கள் செய்தது வாட்பயிற்சியன்று. மணம் துறந்து, உணவைச் சுருக்கி, மூச்சை உள்ளடக்கி, உடம்பையே உலைக்களமாக்கி அதில் அமுதம் காய்ச்சுவதாகிய அகரசவாதம் அவர்களுடையது. அவ்வெழுவரில் மற்றொருவராகிய சியூ சூஜி, 70 வயதைக் கடந்த கிழவராய், 1220இல் சீனத்தின் கீழ்க்கரையிலிருந்து புறப்பட்டுப் பாலைவனம் கடந்து, 1222இல் இந்துகுஷ் மலைப்பக்கத்தில் பாசறையிட்டிருந்த செங்கிஸ்கானைக் கண்டார். சாவாமருந்து உண்டா என்று கான் கேட்க, உயிரைக் காக்கும் வழி உண்டு, சாவாமருந்து இல்லை என்று உள்ளதைச் சொன்னார். உலகை நடுக்கியவன் எதிரே நின்று இதைச் சொல்ல எத்துணைத் துணிவு வேண்டும்! அப்படிப்பட்டவரை ஜின் யோங் தம் முந்தைய நாவலொன்றில் மதுக்கடையில் வெண்கலக் கொப்பரையைத் தூக்கிவந்து வம்பு வளர்க்கும் ரோஷக்கார வாள்வீரனாக ஆக்கிவிட்டார். கதைக்கு அது உதவுகிறது. ஆனால் மெய்யான சியூ சூஜியே பெரிய பாத்திரம் என்பது என் அபிப்பிராயம்.

தாவோ மதத்தில் வாள் இல்லாமலும் இல்லை. அது பேயோட்டும் சடங்குக் கருவி. பீச் மரத்தால் செய்த வாளே அதற்குப் போதும். எட்டு அமரருள் ஒருவராகிய லூ தோங்பின் முதுகிலே கட்டிய வாள் ஆசையையும் சினத்தையும் அறுப்பது. எட்டாம் நூற்றாண்டில் சீமா செங்சென் என்ற குரு சக்கரவர்த்திக்கு வாளும் கண்ணாடியும் வார்த்துக் கொடுத்தார். அவை போருக்கல்ல, பூசைக்கு. இத்தகைய ஞானவாளை நாம் அறியாதவர்களல்லர். திருவாசகத்தில் திருப்படை எழுச்சி என்ற பகுதி முழுவதும் இந்த உருவகத்தின்மீதே அமைந்தது. உருவகமாயிருந்த வாள் எஃகு வாளாக மாறிய கட்டத்தைத்தான் ஆராய்ச்சியாளர் தேடுகிறார்கள். வூதாங் மலையைப் பொறுத்தவரை அது எழுத்தில் முதன்முதல் தெரிவது 1669ஆம் ஆண்டில் ஹுவாங் சோங்சி என்ற அறிஞர் எழுதிய கல்லறை வாசகமொன்றில்: சாங் சான்ஃபெங் என்ற தாவோ முனிவர் கனவில் அம்மலைத் தெய்வத்திடம் மற்போர் கற்று மறுநாள் தனியாளாக நூறு கள்வரைக் கொன்றார் என்று அது கூறுகிறது. மிங் பேரரசன் யோங்லே 1412 முதல் அம்மலையில் அரண்மனை போன்ற கோயில்களைக் கட்டுவித்து இரண்டரை நூற்றாண்டு கழிந்த பிறகு எழுந்த கதை இது. நம் காஞ்சிபுரத்து இளவரசர் என்று நாம் கொண்டாடும் போதிதர்மர் ஷாவோலின் மடத்தில் உடற்பயிற்சி கற்பித்தார் என்பதும், 1624ஆம் ஆண்டைச் சார்ந்ததெனக் கருதப்படும் ஒரு நூலிலிருந்து கிளம்பியதே. அதை இயற்றியவர் பௌத்தரல்லர், தாவோ மதத்தார் ஒருவர். தாங் ஹாவ் என்ற சீன ஆராய்ச்சியாளர் 1930இலேயே இவ்விரண்டு கதைகளையும் சோதித்துப் புறக்கணித்துவிட்டார். அது நம் திரைப்படங்களை எட்டவில்லை. 2011இல் வந்த ஏழாம் அறிவு அந்தப் பழைய கதையையே பெருமையோடு நமக்குச் சொல்லிற்று.

தமிழ்நாட்டு மலைகளுக்கு வந்தால், பொதியிலில் அகத்தியர், பழனியில் போகர், சதுரகிரியிலும் கொல்லியிலும் கணக்கற்ற சித்தர்கள். இவர்களுடைய வித்தையும் சீனத்து வித்தையும் ஒரே உலையில் காய்ந்தவைபோல் இருக்கின்றன. நம் மருந்துக்கடையில் சாதிலிங்கம் என்று கிடைக்கும் செந்நிறக் கட்டியே தாவோ ரசவாதியின் முதற்பொருள். அவர்களுடைய மூச்சடக்கமும் நம் வாசியோகமும் ஒரே பாதை. போகர் சீனத்துக்குச் சென்று வந்தார், அல்லது சீனத்திலிருந்தே வந்தார் என்ற பரம்பரைச் செய்தி, அவர் பெயரால் வழங்கும் ஏழாயிரத்தின் மொழிநடை மிகப் பிற்பட்டது என்பதால் சரித்திரச் சான்றாக நிற்காதாயினும், இரு நாட்டாரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள் என்பதற்கு அடையாளமாகவாவது நிற்கும். இவ்வளவு ஒற்றுமைக்கிடையே ஒரு வேற்றுமை: நம் சித்தர் கையில் வாள் இல்லை. கோவணமும் குளிகையும் சுரைக்குடுக்கையுமே உண்டு. வாளேந்திய துறவிகள் இந்தியாவில் இல்லாமற் போகவில்லை. வடநாட்டு நாகா சந்நியாசிகளின் அகாராக்கள் படை நடத்தியவை, வங்காளத்துச் சந்நியாசிக் கலகத்தைக் கொண்டு பங்கிம் சந்திரர் 1882இல் ஆனந்தமடம் எழுதினார். தமிழ்க் கதையிலோ ஆயுதம் தரித்த துறவி வந்தால் அவன் வேடதாரியாகவே வருவான். கல்கியின் சிவகாமியின் சபதத்தில் நாகநந்தி பிக்ஷுவின் இடுப்பில் விஷக்கத்தி இருக்கிறது. பார்த்திபன் கனவில் ஒற்றைக்கை மகா கபால பைரவர் கொல்லிமலைக் குகைகளை உறைவிடமாக்கிக்கொண்டு சதி செய்கிறார், முடிவில் வேடம் கலைகிறது. ஹுவாஷானுக்கு மிக நெருங்கிய தமிழ்க் கற்பனை அந்தக் கொல்லிமலைதான். ஆனால் கல்கி அதற்குள் நுழைந்து, அங்கே சீடர்கள் எப்படிப் பயின்றார்கள், சோறு யார் வடித்தார்கள், பைரவருக்குப் பின் பட்டம் யாருக்கு என்றெல்லாம் பார்க்கவில்லை. பார்க்க அவருக்கு அவசியமும் இல்லை. அவர் கதை உறையூர் அரியணையைப் பற்றியது.

காரணம் என்னவென்றால், சித்தர் மரபு என்பது ஸ்தாபனமன்று. சித்தர் சமாதியடைகிறார், அவ்வளவோடு சரி. கொத்துச்சாவி ஒப்படைக்க அங்கே கதவில்லை. ஆகவே ஹுவாஷானுக்கு ஒப்பானதைச் சித்தரிடம் தேடுவது வீண். வித்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறியாகவேண்டிய இடங்களில், அதாவது ஆசான் வீட்டிலும் ஆதீனத்திலும், தேடவேண்டும்.

ஆசான் என்றவுடன் நினைவுக்கு வருவது கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம வித்தை. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 இடங்களில் உயிர்நிலை தங்கியிருக்கிறது என்பதும், அந்த இடங்களை எந்த விரலால் எவ்வளவு அழுத்தத்தில் தாக்கினால் என்ன நேரும் என்பதும், அகத்தியர் பெயரால் வழங்கும் பாட்டு நூல்களில் பரிபாஷையாக மறைத்துச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஏட்டைத் திருடியவனுக்கு அது பயன்படாது. சொல்லுக்குப் பொருள் ஆசான் வாயில் இருக்கிறது. அடிமுறை ஆடும் களத்தையும் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் திண்ணையையும் ஒரே ஆசான்தான் நடத்துவார். வர்மம் கொண்டு விழுந்தவனை எழுப்பும் அடங்கல் தெரியாதவனுக்கு அடி சொல்லிக்கொடுப்பதில்லை என்பதும், பல்லாண்டு பணிவிடை செய்து குணம் தெரிந்த பிறகே கடைசி ரகசியத்தைக் கொடுப்பார், மனம் ஒப்பவில்லையானால் கொடாமலே கண்ணை மூடிவிடுவார் என்பதும் அந்த வட்டாரத்தில் பொதுவாகச் சொல்லப்படுவன. அகத்தியர் மலையில், அடி தரையில், இரண்டையும் இணைப்பது மருந்தெண்ணெய் தடவிய ஒரு கட்டைவிரல். மலைக்கும் வாளுக்கும் தமிழர் கண்ட உறவு இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தில் வர்ம ஆசான்கள் அரியர். சிலம்ப வாத்தியார்கள் உண்டு. சவுக்குத் தோப்புக்குள், மாலை வெயில் சாய்ந்த பிறகு, நெற்றியளவு உயரமுள்ள மூங்கிற்கம்பைக் கொடுத்து அவர் முதலில் கற்பிப்பது வீச்சையல்ல, நிற்பதையும் வணங்குவதையும். தரையைத் தொட்டு, வாத்தியாரைத் தொட்டு, கம்பைக் கண்ணில் ஒற்றி, நாலு திசைக்கும் வணக்கம் வைத்துச் சுற்றும் அந்த ஆட்டத்துக்குச் சலாம் வரிசை என்று பெயர். அரபுச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒரு கம்பில் இப்படிச் சேர்ந்திருப்பதை எங்கள் ஊரில் யாரும் கவனித்துப் பேசியதாக நினைவில்லை. பிறகு காலடி. மணலில் குதிகால் கிழித்த கோடுகளைப் பார்த்தே பையன் எங்கே தப்பினான் என்று வாத்தியார் சொல்லிவிடுவார். வரிசை பாடமாகி உடம்பில் ஊறிய பிறகு, ஒருநாள், 'வரிசையை மறந்துட்டு வா' என்று எதிரே நிற்பார். ஃபெங் சிங்யாங் குகைவாயிலில் சொன்னதும் இதுதான். தோப்பில் சொன்னவருக்குச் சீன நாவல் என்று ஒன்று உண்டென்றே தெரியாது.

ஆதீனம் என்ற மற்றொன்றுக்கு நான் தொலைவில் போகவேண்டியதில்லை. கோட்டக்குப்பத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி தாண்டினால் பொம்மையார்பாளையம். பொம்மபுர ஆதீனம் என்னும் வீரசைவ மடத்தின் பெயர் அந்த ஊரைக் கொண்டது. அதன் மலையோ உள்நாட்டில், கூட்டேரிப்பட்டுக்குக் கிழக்கே, திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையிலுள்ள மயிலம். ஹுவாஷானைக் கண்டவர் இதை மலையென்று ஒப்பமாட்டார். வயலின் நடுவே எழுந்த சிறு குன்று, மூச்சு வாங்குமுன் ஏறிவிடலாம். சூரபத்மன் மயிலாக வேண்டித் தவம் கிடந்த இடம் என்று அதற்குப் பெயர்க்காரணம் சொல்வர். அங்கே பாலசித்தர் சமாதி உண்டு. மடத்துத் தலைவர்கள் பட்டம்தோறும் சிவஞான பாலய சுவாமிகள் என்ற ஒரே பெயரைத் தரித்து வருகிறார்கள். ஆள் மாறலாம், பெயர் மாறாது. தமிழ்க் கல்லூரி ஒன்றை நடத்தி, புலவர்களை உண்டாக்கிய மடம் அது. மேலே சித்தர் சமாதியும் கீழே பட்டம் வழங்கும் மடமுமாக, நான் மேலே வேறுபடுத்திக் காட்டிய இரண்டும் இங்கே ஒரே குன்றில் சேர்ந்திருக்கின்றன. ஹுவாஷானுக்கு நிகரான அமைப்பு தமிழகத்தில் எங்கே என்று கேட்டால், வாள் நீங்கலாக, மயிலத்தைக் காட்டுவேன்.

போரும் அங்கே இல்லாமலில்லை. தலபுராணக் கதைப்படி, சிவகணத் தலைவருள் ஒருவராகிய சங்குகன்னர் சாபத்தால் மண்ணுலகில் பாலசித்தராகத் தோன்றி இம்மலையில் முருகனை நோக்கித் தவமிருக்கிறார். முருகன் இரங்கவில்லை. வள்ளியும் தெய்வானையும் அவருக்காகப் பரிந்து பேசி, அது பலிக்காமற் போகவே, கணவனோடு ஊடி, சித்தருடைய ஆசிரமத்துக்கே வந்து அவருக்குப் பெண்களாகத் தங்கிவிடுகிறார்கள். தேவியரைத் தேடி முருகன் வேட்டுவக் கோலத்தில் வருகிறான். அடைக்கலமாக வந்த பெண்களை எவனோ ஒரு வேடன் கேட்பதா என்று சித்தர் மறிக்கிறார். இருவரும் மற்போர் புரிகிறார்கள். தவத்தால் வலிய அந்த உடம்பை வீழ்த்தக்கூடியவன் வேறு யாராக இருக்கமுடியும் என்று, தோற்கும் நொடியில், எதிராளி யார் என்பது சித்தருக்கு விளங்குகிறது. ஐந்து மலை வாள்வீரர்களின் அத்தனை அத்தியாயங்களிலும் தோற்றவன் பழி வாங்கப் புறப்படுவான், அல்லது சுவடி திருடப் போவான், அல்லது குகைச்சுவரில் எதிராளியின் வரிசையை முறிக்கும் வழியைச் செதுக்கிவிட்டுச் சாவான். பாலசித்தரோ எழுந்து, உடம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, பெண்வீட்டுக்காரராய்க் கல்யாண வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மயிலத்தில் முருகன் இருபுறமும் தேவியரோடு இன்றும் மணக்கோலத்தில் நிற்பது அதனால்தான் என்பார்கள்.